ஹைகோர்ட்டில் மூன்று சர்க்கார்கள்

குறிஞ்சிப்பாடியில் வசிக்கும் ஒரு நெசவாளியோ குடியானவரோ 'சர்க்கார்' என்று சொல்லும்போது எதைக் குறிப்பிடுகிறார்? தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் பேரூராட்சி ஆபீசுக்கு நடக்கிறார். பட்டாவில் பெயர் மாற்றத் தாலூகா கச்சேரியில் காத்து நிற்கிறார். நிலத்துக்கு நோட்டீஸ் வந்தாலோ நெய்வேலிப் புகைபோக்கிகள் இருக்கும் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். முதலாவது ஸ்தல ஸ்தாபனம். இரண்டாவது ராஜ்ய சர்க்கார். மூன்றாவது மத்திய சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனி. அவருக்கு மூன்றும் சர்க்காரேயாகும். வரி கேட்பதிலும் காத்திருக்க வைப்பதிலும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர் கண்டதில்லை.

ஆனால் சென்னை ஹைகோர்ட்டின் வாசற்படியில் ஏறியவுடன் இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது வெளியாகிவிடுகிறது. அங்கே வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிற்கும் சர்க்கார்கள் தத்தம் பருமனுக்கு ஏற்ற நிலையை அடைகின்றன. பெரிய சர்க்கார் தோற்றாலும் அதற்கு நோவதில்லை. சிறிய சர்க்காரோ அநேக சந்தர்ப்பங்களில் கோர்ட்டு வரை போய்ச் சேருவதேயில்லை. தேச காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நேயர்கள் இதைச் சற்று நிதானமாக ஆலோசிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். ஏனெனில் நம்மவர்கள் தீர்ப்பு வந்த தினத்தன்று வெடி கொளுத்துவதோடு வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள்.

நீதிபதிகள் பெரியவர் பக்கம் சாய்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநீதி, உண்மையுமல்ல. அமெரிக்க மாகாணங்களில் 16 உச்ச நியாயஸ்தலங்கள் 1870 முதல் 1970 வரை அளித்த தீர்ப்புகளைச் சில அறிஞர்கள் கணக்கெடுத்து 1987-ல் வெளியிட்டார்கள். வலிய கக்ஷிக்காரர் மெலியவரைக் காட்டிலும் மிகுதியாக ஜயித்தார் என்பது மெய்தான். ஆனால் அந்த மிகுதி எல்லாரும் எதிர்பார்த்ததைவிட மிகச் சொற்பமாகவே இருந்தது. அப்படியானால் வலியவரின் அனுகூலம் எங்கே ஒளிந்திருக்கிறது? இதற்கு விடை மார்க் காலன்டர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. இந்தியச் சட்ட விவகாரங்களையே நெடுநாள் ஆராய்ந்தவர் அவர். கோர்ட்டுக்கு வருகிறவர்களை அவர் இரண்டு ஜாதியாகப் பிரித்தார்: ஆயுளில் ஒரு முறை வருகிறவர், அன்றாடம் வருகிறவர். முன்னவருக்கு அந்த ஒரு வழக்கே உலகம். பின்னவருக்கோ அது ஆயிரத்தில் ஒன்று. அவர் இன்றைய வழக்கில் தோற்பதற்குச் சம்மதித்துக்கொண்டு, நாளைய வழக்குகளுக்கான விதியைத் தமக்குச் சாதகமாக அமைத்துக்கொள்கிறார். இந்தியாவில் சர்க்காரைப்போல் அன்றாடம் கோர்ட்டுக்கு வரும் கக்ஷிக்காரர் வேறு யார்?

சட்டம் வேறு அந்தக் கக்ஷிக்காரருக்குச் சில தனிச் சலுகைகளைக் கொடுத்து வைத்திருக்கிறது. சர்க்கார்மீது தாவா தொடுக்க வேண்டுமானால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவுப்படி, அவசர நிவாரணம் கோரும் தாவா தவிர மற்றவற்றுக்கு இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். நோட்டீசைக் கண்டு இலாகா தன் தவற்றைத் திருத்திக்கொள்ளட்டும் என்பது 1908-ல் சட்டம் செய்தவர்களின் எண்ணம். அந்த இரண்டு மாதத்தில் இலாகா என்ன செய்கிறது என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். கைவிட்டுப்போன நிலத்தை மீட்கத் தனி மனிதருக்குச் சட்டம் தரும் அவகாசம் 12 வருஷம்; சர்க்காருக்கு 30 வருஷம். 1963-க்கு முன்பு அது 60 வருஷமாக இருந்தது! அப்பீல் செய்து தீர்ப்பை நிறுத்தி வைக்கக் கோரும்போது நாமானால் ஜாமீன் கட்ட வேண்டும். சர்க்கார் கட்ட வேண்டியதில்லை. இந்த முப்பது வருஷச் சலுகையிலும் படித்தரம் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மத்திய சர்க்காருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் அது எல்லாத் தாவாவிலும் உண்டு. ஸ்தல ஸ்தாபனத்துக்கோ தெரு, ரஸ்தா ஆகியவற்றை மீட்பதற்கு மட்டும்தான். தெருவைத் தாண்டி ஸ்தல ஸ்தாபனத்துக்கு என்ன சொத்து இருக்கப்போகிறது என்று சட்டம் செய்தவர்கள் நினைத்தார்கள் போலும்!

இனி நமது ஜில்லாவுக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே நெய்வேலியின் ஆரம்பம். 1956-ல் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். அதனால் தமிழ்நாட்டுக்கு வந்த வெளிச்சத்தை நாம் மறுக்கவில்லை. அந்த வெளிச்சத்துக்காக நிலத்தைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கோர்ட்டுப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. அவர்களுடைய வழக்கின் அமைப்பே விசித்திரமானது. நிலம் யாருக்குப் போகிறது? மத்திய சர்க்காரின் கம்பெனிக்கு. எடுத்துக் கொடுப்பது யார்? ராஜ்ய சர்க்காரின் ரெவினியூ அதிகாரிகள். எந்தச் சட்டத்தின்கீழ்? முன்பு 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரர் சட்டத்தின்கீழ். பின்பு கைத்தொழில் காரியங்களுக்கு நிலம் எடுப்பதற்காகத் தமிழ்நாடு செய்துகொண்ட 1997-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ். ஆகவே குடியானவர் வழக்குத் தொடுத்தால் எதிரே ஒரு சர்க்கார் அல்ல, இரண்டு சர்க்கார்கள் தோளோடு தோள் நிற்கின்றன. மேடையில் ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் இரண்டு சர்க்கார்கள், இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

2023 ஜூலை 26-ந் தேதி சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்காகக் கால்வாய் வெட்ட வந்த கம்பெனியின் ராட்சத யந்திரங்கள், போலீஸ் பாதுகாப்போடு, விளைந்து நின்ற பச்சை நெல்லின்மீது ஏறின. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த கிளர்ச்சி கல்லெறியிலும் தடியடியிலும் முடிந்தது. விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டு நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டுவிட்டது, அதில் பயிரிட்டதே தவறு என்பது கம்பெனியின் வாதம். இத்தனை காலம் சும்மா இருந்தவர்கள் அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி எம். தண்டபாணி மனம் நொந்து கேட்டார். ஆகஸ்டு மாத ஆரம்பத்தில் உத்தரவு பிறந்தது: நாசமான பயிருக்கு ஏக்கராவுக்கு 40,000 ரூபாய் கொடுக்க வேண்டும், மற்ற நிலங்களில் நிற்கும் பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15-க்குள் நிலத்தைக் குடியானவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும்.

இந்த வழக்கில் ஜயித்தது யார்? குடியானவருக்கு ஏக்கராவுக்கு நாற்பதினாயிரம் கிடைத்தது. கோர்ட்டு கருணையோடு நடந்துகொண்டதற்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் கம்பெனிக்கு வேண்டியிருந்தது நிலம். அது ஒரு தேதியோடு, கோர்ட்டின் முத்திரையோடு கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. கம்பெனியின் வருஷக் கணக்கில் அந்த நஷ்ட ஈடு ஒரு மூலையில் அடங்கிவிடும் சிறு தொகை. வழக்குகளை ஜயம், அபஜயம் என்று இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டுகிறவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று நமக்குத் தெரியவில்லை. குடியானவரின் ஜயம் என்று எழுதினால் அவரே சிரிப்பார்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 2013-ல் பார்லிமெண்டு புதிய நில எடுப்புச் சட்டத்தைச் செய்தது. நிலம் எடுக்குமுன் அதனால் ஊருக்கு விளையும் சமூக விளைவுகளை ஆராய வேண்டும், அந்த ஆராய்ச்சியில் பஞ்சாயத்தையோ நகரசபையையோ கலந்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நிலம் எடுக்கும் விஷயத்தில் வாய் திறக்க உரிமையில்லாதிருந்த ஊருக்கு முதன்முதலாக ஒரு வாய் கிடைத்தது. தமிழ்நாடு என்ன செய்தது? கைத்தொழில், நெடுஞ்சாலை, ஹரிஜன நலத்திட்டம் ஆகியவற்றுக்கு நிலம் எடுக்கும் தன்னுடைய மூன்று சட்டங்களையும் புதிய சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. நிலம் இழந்தவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஜூலை 3-ந் தேதி ஹைகோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: மத்தியச் சட்டத்துக்கு முரணான அந்த மூன்று சட்டங்களும் 2013-லேயே உயிர் இழந்துவிட்டன, அவை மறுபடி உயிர் பெற வேண்டுமானால் முறைப்படி மீண்டும் இயற்றி ராஷ்டிரபதியின் சம்மதம் பெற வேண்டும் என்றது.

இதைக் காட்டிலும் பூரணமான தோல்வியை ஒரு கக்ஷிக்காரர் அடைய முடியுமா? தனி மனிதரானால் அப்பீல் செய்வார், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போவார். ராஜ்ய சர்க்கார் சட்டசபைக்குப் போயிற்று. சில வாரங்களுக்குள் மூன்று சட்டங்களையும் உயிர்ப்பிக்கும் மசோதா நிறைவேறியது. டிசம்பருக்குள் ராஷ்டிரபதியின் சம்மதமும் வந்தது. 2013 செப்டம்பரிலிருந்தே அமுலில் இருந்ததாகப் பாவிக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் செய்தது. சட்டசபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் ஆட்டத்தில் தோற்றவுடன் ஆட்ட விதியையே, அதுவும் ஆட்டம் துவங்கிய நாளிலிருந்து, மாற்றி எழுதும் சௌகரியம் எதிர்த்தரப்பாருக்கு இருந்ததா? அன்றாடம் கோர்ட்டுக்கு வருகிறவர் விதியைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார் என்று அந்தப் பேராசிரியர் சொன்னது நமது ராஜ்யத்தில் எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது. அந்த விதி மாற்றத்தில் வாய் இழந்தது பஞ்சாயத்து. கட்சி பேதமின்றி ராஜ்ய சர்க்கார்கள் தங்களுக்கு மேலேயுள்ள சர்க்காரிடம் உரிமை கேட்கும்போது உபயோகிக்கும் உருக்கமான சொற்களில் ஒன்றையாவது தங்களுக்குக் கீழேயுள்ள சர்க்காரை நினைத்துச் சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்கும்!

பஞ்சாயத்து கோர்ட்டுக்குப் போவது எப்படி? சட்டப்படி அது ஒரு தனி நபர். வழக்குத் தொடுக்கலாம், அதன்மீதும் தொடுக்கலாம். நடைமுறையில் அது ஹைகோர்ட்டைப் பார்ப்பது பெரும்பாலும் தன் தலைவரின் பதவி போகும்போதுதான். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டத்தின் 205-வது பிரிவு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்குக் கொடுக்கிறது. தாசில்தார் கூட்டம் கூட்டி அங்கத்தினர்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்ற நிபந்தனை உண்டு, முடிவு கலெக்டருடையது. நீக்கப்பட்டவர் ஹைகோர்ட்டுக்கு ஓடுகிறார். அந்த வழக்கைப் பாருங்கள்: இரு பக்கமும் சர்க்கார். ஒருவர் ஜனங்களின் வோட்டினால் வந்தவர். மற்றவர் பரீக்ஷையில் தேறி வந்தவர். கலெக்டருக்காக சர்க்கார் வக்கீல் பொக்கிஷப் பணத்தில் வாதாடுகிறார். தலைவரோ பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. கடலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வரும் செலவு வேறு. ஐந்து வருஷப் பதவியில் வழக்கு இரண்டு வருஷம் நடந்தால், அவர் ஜயித்துத் திரும்பும்போது ஊருக்கு என்ன மிச்சம்?

தலைவர் இருந்தால்தானே இந்தச் சங்கடமெல்லாம் என்று ராஜ்ய சர்க்கார் நினைத்ததோ என்னவோ, தலைவர்களே இல்லாத காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பழங்குடியினருக்குரிய இட ஒதுக்கீடு சரிவர நடக்கவில்லை என்ற வழக்கில் ஹைகோர்ட்டு தேர்தல் அறிவிப்பை ரத்து செய்து, அந்த வருஷ முடிவுக்குள் தேர்தலை முறைப்படி நடத்தும்படி உத்தரவிட்டிருந்தது. கெடு கடந்தது. மறு கெடு விதிக்கப்பட்டது, அதுவும் கடந்தது. கடலூர் உள்ளிட்ட 27 ஜில்லாக்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். குறிஞ்சிப்பாடி போன்ற பேரூராட்சிகளுக்கும் நகரசபைகளுக்கும் 2022 பிப்ரவரி 19-ல். அதுவரை விசேஷ அதிகாரிகளின் ஆட்சி. அவர்கள் ராஜ்ய சர்க்காரின் உத்தியோகஸ்தர்கள். பஞ்சாயத்தின் பெயரால் வக்காலத்தில் கையெழுத்திடுகிறவரும் அவர். பஞ்சாயத்தின் எதிரி ராஜ்ய சர்க்காராக இருந்தால் அந்த எதிரியின் சம்பளக்காரரும் அவரே. ஒரே மனிதர் இரண்டு பக்கமும் நிற்கும் வழக்கு எப்படி முடியும் என்பதற்கு ஜோஸ்யம் வேண்டியதில்லை. அது துவங்காது. 2025 ஜனவரி 5-ந் தேதி கிராமப்புற ஸ்தாபனங்களின் காலம் முடிந்தபோது மறுபடியும் விசேஷ அதிகாரிகளே வந்து உட்கார்ந்தார்கள்.

சர்க்காரை யாருமே ஜயிக்க முடியாது என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கேயுள்ள சிதம்பரத்திலேயே அதற்கு மாறான சாட்சியம் இருக்கிறது. 1951-ல் சென்னை சர்க்கார் ஸ்ரீ நடராஜர் கோயில் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்த ஓர் உத்தரவு போட்டது. பொது தீக்ஷிதர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்; அவ்வருஷம் டிசம்பரில் உத்தரவு ரத்தாயிற்று. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் கொண்டுபோய்ப் பிறகு தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. 1980-களில் மறுபடி நிர்வாக அதிகாரியை நியமிக்கும் பிரச்னை எழுந்தது. 2009-ல் ஹைகோர்ட்டில் தனி நீதிபதி முன்னும், பின்னர் இரு நீதிபதிகள் முன்னும் சர்க்கார் ஜயித்து, கோயிலில் நிர்வாக அதிகாரியும் பொறுப்பேற்றார். 2014 ஜனவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத் தலைகீழாக மாற்றியது: நிர்வாகத்தில் குறை இருந்தால் அதைச் சரி செய்யும் காலம் வரைதான் சர்க்கார் ஏற்கலாம், காலவரையின்றிக் கைப்பற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கோயில் நிர்வாகம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் இங்கே நாம் இறங்கவில்லை. அது வேறு தலையங்கத்துக்குரிய விஷயம். நாம் பார்ப்பது கக்ஷிக்காரரின் தன்மையை. ஹைகோர்ட்டில் இரண்டு தடவை ஜயித்த சர்க்காரைக் கடைசியில் தோற்கடித்தவர்கள் யார்? சர்க்காரைப் போலவே சாகாத ஒரு கூட்டம். தகப்பனார் தொடுத்த வழக்கைப் பிள்ளை நடத்துகிறார். 1951-ம் வருஷத்துத் தீர்ப்பு நகலைப் பத்திரமாக வைத்திருந்து அறுபது வருஷம் கழித்து எடுத்துக் காட்டுகிறார்கள். வளையமாதேவிக் குடியானவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஒருவர், அவருக்குப் பிறகு நிலம் பாகமாகும், வாரிசுகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போவார்கள், வழக்கு அநாதையாகும். சர்க்காருக்கு எதிரே சாகாமல் நிற்கக்கூடிய ஸ்தாபனம் ஒன்று அவருடைய ஊரிலும் இருக்கிறது. அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர். அதைத்தான் ஊமையாக்கி வைத்திருக்கிறோம்.

சர்க்காரும் சர்க்காரும் உண்மையாகவே மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். 2023 மார்ச்சு கடைசியில் மத்திய நிலக்கரி இலாகா ஏலத்துக்கு விட்ட வட்டாரங்களின் ஜாபிதாவில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பிரதேசமும், டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவையும் இருந்தன. ஏப்ரல் 4-ந் தேதி முதன்மந்திரி ஸ்ரீ மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8-ந் தேதி மத்திய நிலக்கரி மந்திரி ஸ்ரீ பிரகலாத் ஜோஷி, மூன்றும் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவித்தார். நான்கு நாள்! வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, நஷ்ட ஈடு இல்லை. ராஜ்ய சர்க்காரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதே ராஜ்ய சர்க்கார் மூன்றே மாதம் கழித்து வளையமாதேவிக்குப் போலீசை அனுப்பிற்று என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2020-ம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நமது ஜில்லாவின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்கள் இடம் பெற்றன. குறிஞ்சிப்பாடி வட்டாரம் பெறவில்லை. பெரியவர்கள் கோடு போட்டால் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் கோர்ட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

சர்க்கார் தரப்பில் ஒரு சமாதானம் சொல்லப்படும். நஷ்ட ஈடானாலும் சம்பளப் பாக்கியானாலும் அது பொதுப் பணம். அப்பீல் செய்யாமல் கொடுத்துவிட்டால் நாளை ஆடிட்டுக்காரர் கேட்பார், லஞ்சம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்ற பழியும் வரும். ஆகவே எல்லாத் தீர்ப்பின்மீதும் மேலே போவதே பத்திரம் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கையெழுத்திடும் சிறு உத்தியோகஸ்தரின் பயத்தை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். ஆனால் அந்தப் பயத்தின் விலை என்ன? மத்திய சர்க்காரின் 2017-18-ம் வருஷத்துப் பொருளாதார அறிக்கையே, வரி இலாகா செய்யும் அப்பீல்களில் ஜயிப்பது நூற்றுக்கு 30-க்கும் குறைவு என்றும், இருந்தும் இலாகா அப்பீல் செய்வதை விடவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. காலங்கடந்து அப்பீல் கொண்டுவந்த மத்தியப் பிரதேச சர்க்காருக்கு 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. தள்ளுபடி என்ற சான்றிதழை வாங்கிப் பைலில் வைத்துக்கொள்வதற்காகவே இப்படி வருகிறார்கள் என்று கோர்ட்டு கடிந்துகொண்டது. அந்தச் சான்றிதழுக்காக எதிர்த்தரப்பார் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பார் என்று யார் கணக்கிட்டார்கள்? பொதுப் பணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பொதுஜனத்தைச் செலவழிக்கிறார்கள்.

இதெல்லாம் டில்லிக்கும் சென்னைக்கும் தெரியாததல்ல. சர்க்காரும் சர்க்கார் கம்பெனிகளும் நடத்தும் வழக்குகளைப் பற்றியே லா கமிஷன் 1988-ல் தனியாக ஓர் அறிக்கை, 126-வது அறிக்கை, கொடுத்தது. 2010 ஜூனில் சட்ட மந்திரி ஸ்ரீ வீரப்ப மொய்லி தேசிய வழக்குக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சர்க்கார் இனிப் பொறுப்புள்ள கக்ஷிக்காரராக நடந்துகொள்ளும் என்றார். ராஜ்யங்களும் அப்படியே கொள்கை வகுக்க வேண்டும் என்று 13-வது நிதிக் கமிஷன் நிபந்தனை போட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் மன்னருடைய சர்க்கார் இழைத்த தீங்குக்காக அதன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை பிரஜைகளுக்கு 1947-ல்தான் சட்டமூலம் தாராளமாகக் கிடைத்தது. இந்தியாவிலோ அதற்கு வெகு காலம் முன்பே சர்க்கார்மீது வழக்குத் தொடுக்க முடிந்தது. காரணம், இங்கே முதலில் ஆண்டது ஒரு வியாபாரக் கம்பெனி. கம்பெனிமேல் வழக்குப் போடலாம். ராணி அரசை ஏற்றுக்கொண்டபோது 1858-ம் வருஷத்துச் சட்டம் அந்தக் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் வந்ததுதான் நமது அரசியல் சட்டத்தின் 300-வது ஷரத்து. வெள்ளைக்காரக் கம்பெனியின் காலத்திலேயே கிடைத்த உரிமையைச் சொந்த சர்க்கார்களுடைய காலத்தில் வாய்தாவாலும் அப்பீலாலும் தேய்த்துவிடக்கூடாது.

நாம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. ஒவ்வொரு இலாகாவும் வருஷந்தோறும் ஹைகோர்ட்டில் எத்தனை வழக்கில் தோற்றது, அந்தத் தீர்ப்புகளில் எத்தனை நிறைவேற்றப்பட்டன, எத்தனைக்காகக் கோர்ட்டு அவமதிப்பு மனு போட நேர்ந்தது, வக்கீல்களுக்கு என்ன செலவாயிற்று என்ற கணக்கை ஜில்லாவாரியாகச் சட்டசபை முன் வைக்க வேண்டும். பட்ஜெட்டு விவாதத்தில் மின்சாரக் கம்பத்தைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியை நமது சட்டசபை அங்கத்தினர்கள் இதற்குக் கொடுத்தால் போதும். மேலேயுள்ள சர்க்காரை எதிர்த்து நிற்க நேரும்போது பஞ்சாயத்துக்குத் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளப் பணமும், கலெக்டரின் தயவை எதிர்பாராத உரிமையும் வேண்டும். கலெக்டர் நீக்கிய தலைவர் கோர்ட்டில் ஜயித்தால், வழக்குச் செலவை ராஜ்ய சர்க்கார் கொடுக்க வேண்டும். கைத்தொழிலுக்காக நிலம் எடுக்கும் சட்டத்தில், 2013-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்ததும் 2019-ல் தமிழ்நாடு வேண்டாமென்று தள்ளியதுமான பஞ்சாயத்துக் கலந்தாலோசனையைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். இதற்கு டில்லியின் சம்மதம் வேண்டுமென்றால் கேட்டுப் பெறட்டும், 2019-ல் ஐந்து மாதத்துக்குள் பெற்றவர்கள்தானே!

ஸ்தல ஸ்தாபனத் தேர்தலோ சட்டசபைத் தேர்தலோ எப்போது வந்தாலும் குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் சிதம்பரத்திலும் வோட்டுக் கேட்டு வருகிற அபேக்ஷகர்களிடம், எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும் சரி, இந்த நான்கில் எதற்குச் சம்மதம் என்று நமது நண்பர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நலம்.